தண்டனைக்கு அட்டவணை போட்டுவிட்டால் நீதிபதி எதற்கு?

வாசகர் கேள்வி, 2026 ஜனவரி 6

ஒரே நீதிமன்ற வளாகம். இரண்டும் கத்திக்குத்து வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 324-வது பிரிவு, காயமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவனுக்கு இரண்டு வருடம் கடுங்காவல். இன்னொருவன் கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அபராதம் கட்டினான், வீட்டுக்குப் போய்விட்டான். முதல் ஆள் என் உறவினர். அமெரிக்காவில் குற்றத்தையும் முன்வழக்கையும் வைத்து எத்தனை மாதம் என்று சொல்லும் அட்டவணை இருக்கிறதாம். இங்கேயும் ஒன்று போட்டுவிட்டால் என்ன? நீதிபதி அன்றைக்கு எந்த மனநிலையில் வருகிறார் என்பதை நம்பியா ஒருவன் ஜெயிலுக்குப் போவது?

ஜனவரி 6, இரவு

நான் வக்கீல் இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதிகள் சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சு செய்து, அவர்கள் திருத்திக் கொடுத்ததை மறுபடி தட்டச்சு செய்தவன். அதனால் சட்டம் தெரிந்ததைவிடத் தீர்ப்பின் உருவம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அறுபது பக்கத் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொன்னது, மகஜர் (போலீஸ் சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு), காயச் சான்றிதழ், குறுக்கு விசாரணையில் வந்த முரண்பாடு, இதற்கே ஐம்பத்தொன்பது பக்கம் போய்விடும். ஆளுக்கு எத்தனை வருடம் என்பது கடைசி அரைப் பக்கம். அதிலும் பாதி, எல்லா வழக்கிலும் வரும் அதே வாசகம் (எதிரி என்றால் கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்): "தண்டனை குறித்து எதிரியை வினவியபோது, தனக்கு வயதான தாயார் இருப்பதாகவும், குடும்பத்தில் தான் ஒருவரே சம்பாதிப்பவர் என்றும், குறைந்தபட்சத் தண்டனை வழங்கும்படியும் கேட்டுக்கொண்டார். வழக்கின் தன்மையையும் சூழ்நிலையையும் கருத்தில் கொண்டு..." அடுத்த வரியில் வருடம் வந்துவிடும்.

அந்தச் சூழ்நிலை எது என்று தீர்ப்பு சொன்ன நீதிபதிக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. இரண்டு நீதிபதிகள் இரண்டு மாதிரி முடிவெடுப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஏன் என்று எழுதாமல் விடுவதுதான் உறுத்துகிறது. உங்கள் உறவினர் மேல்முறையீடு செய்தாலும், அந்த அரைப் பக்கத்தில் பிடித்துத் தொங்க எதுவும் இருக்காது.

ஜனவரி 7

அமெரிக்க அட்டவணை பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. 1984-ல் சட்டம் வந்து, 1987 நவம்பர் 1-லிருந்து கூட்டாட்சி நீதிமன்றங்களில் நடைமுறைக்கு வந்தது. மேலிருந்து கீழாகக் குற்றத்தின் கடுமை 43 படி. இடமிருந்து வலமாக முன்வழக்கு வரலாறு 6 பிரிவு. 258 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை மாதத்திலிருந்து இத்தனை மாதம் என்று போட்டிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? 2005-ல் புக்கர் வழக்கு. போதைப்பொருள் விற்றார் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஜூரி ஏற்றுக்கொண்ட அளவை வைத்துப் பார்த்தால் அட்டவணைப்படி அதிகபட்சம் 21 வருடம் 10 மாதம். தண்டனை விதிக்கும் நாளில் நீதிபதி, "இன்னொரு 566 கிராமும் இவர் கையில் இருந்திருக்கிறது" என்று தானே முடிவு செய்தார். கட்டம் மாறியது. 30 வருடம். ஜூரி காதில் விழாத ஓர் எடைக்காக எட்டு வருடத்துக்கு மேல் கூடிவிட்டது.

இது ஜூரி விசாரணை உரிமைக்கு எதிரானது என்று சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், அட்டவணையைத் தூக்கி எறியவில்லை. கட்டாயம் என்ற பகுதியை மட்டும் வெட்டியது. அன்றிலிருந்து அது ஆலோசனைதான். நீதிபதி முதலில் அட்டவணைப்படி கணக்குப் போட வேண்டும். பிறகு சட்டம் சொல்லும் காரணிகளைப் பார்க்க வேண்டும். தண்டனை போதுமானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. அட்டவணையை விட்டு விலகலாம், காரணம் சொல்ல வேண்டும்.

ஆக, நீங்கள் இங்கே கேட்கிற கண்டிப்பான அட்டவணையை அவர்கள் பதினேழு வருடம் வைத்துப் பார்த்துவிட்டுத் தளர்த்திவிட்டார்கள்.

ஜனவரி 7, மாலை

"அப்படியானால் அட்டவணை செத்துப்போய்விட்டது என்று சொல்லுங்கள்" என்று ஒருவர். சாகவில்லை. கணக்கு இன்னமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு எண்ணைக் கண்ணில் காட்டிவிட்டால் மனசு அதைச் சுற்றியே வரும், நீதிபதிக்கும் அப்படித்தான்.

விலகல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2007-ல் இரண்டு வழக்குகள். ஒன்றில், கல்லூரிக் காலத்தில் போதை மாத்திரை விற்ற ஒருவர், சில மாதத்தில் தானாகவே அந்தக் கும்பலை விட்டு விலகி, படித்து முடித்து, சொந்தத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். வருடங்கள் கழித்து வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அட்டவணை 30 முதல் 37 மாதம் சிறை என்றது. நீதிபதி சிறையே இல்லாமல் 36 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்வளவு பெரிய விலகலுக்கு அசாதாரணமான காரணம் வேண்டும் என்று ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை கிடையாது, காரணம் நியாயமாக இருந்தால் போதும் என்று விசாரணை நீதிபதியின் பக்கம் நின்றது.

இரண்டாவது வழக்கு எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே ஒரு கிராம் கிராக் கொக்கெயினை (புகைக்கும் கட்டி வடிவம்) நூறு கிராம் பொடிக் கொக்கெயினுக்குச் சமமாக வைத்திருந்தார்கள். இந்த விகிதமே நியாயமில்லை என்று நினைக்கும் நீதிபதி அதற்காகவே விலகலாமா? விலகலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2010-ல் நாடாளுமன்றமே அதை 18-க்கு 1 என்று குறைத்தது. முதலில் விலகிய நீதிபதிகள் அட்டவணைக்குத் தாங்கள் கண்ட குறையை எழுதிக் காட்டியவர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 8

இன்னொரு தகவல், அதற்குப் பிறகு அமெரிக்காவை விடுகிறேன். அங்கே தண்டனையைத் தீர்மானிக்க முன்பு மூன்று படி இருந்தது: அட்டவணைக் கணக்கு, அட்டவணைக்கான கையேடே அனுமதிக்கும் விலகல்கள், பிறகு சட்டக் காரணிகள். 2025 நவம்பரிலிருந்து அந்த நடுப்படியை எடுத்துவிட்டார்கள். எப்போது விலகலாம் என்று பட்டியல் போட்டு வைத்தால் நீதிபதிகள் பட்டியலைத் தாண்டித்தான் போகிறார்கள் போல. இது என் ஊகம்.

ஜனவரி 10

இங்கிலாந்தில் கட்டம் போட்ட அட்டவணை கிடையாது. 2010-லிருந்து தண்டனைக் கவுன்சில் என்று ஓர் அமைப்பு, குற்றவாரியாக வழிகாட்டு நெறிகளை வெளியிடுகிறது. தீங்கு எவ்வளவு, குற்றவாளியின் பங்கு எவ்வளவு என்று வகைப்படுத்தி, தொடக்கப் புள்ளி ஒன்று, மேலும் கீழும் ஒரு வரம்பு. நீதிபதி அதைப் பின்பற்றியாக வேண்டும். பின்பற்றுவது நீதியின் நலனுக்கு மாறானது என்று அவர் கருதினால் விலகலாம். பேச்சளவில் அமெரிக்காவைவிடக் கண்டிப்பு, உள்ளே வரம்பு அகலம்.

குற்றத்தை முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அப்புறம் ஒப்புக்கொண்டால் கால் பங்கு. விசாரணை தொடங்கும் நாளில் வந்து ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு. வெளிப்படையான கழிவு. நம் ஊரிலும் 2006-லிருந்து பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறை சட்டத்தில் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்த ஆளைப் பார்த்ததில்லை. "எதிரி குற்றத்தை மறுத்து, விசாரணை கோரினார்" என்பதை மட்டும் தூக்கத்தில்கூட தட்டச்சு செய்வேன்.

அவர்கள் சட்டத்தில் தண்டனையின் நோக்கங்கள் ஐந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள்: தண்டிப்பது, மற்றவர்களுக்கு அச்சமூட்டுவது உட்பட குற்றங்களைக் குறைப்பது, திருத்தி மறுவாழ்வு தருவது, மக்களைப் பாதுகாப்பது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது. ஐந்தும் ஒன்றோடொன்று மோதினால் எது ஜெயிக்கும் என்று அதில் இல்லை. மோதாத வழக்கு எது? முதல் முறை திருடிய இருபது வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டும் என்றால் வெளியே விட வேண்டும், அச்சமூட்ட வேண்டும் என்றால் உள்ளே போட வேண்டும். அட்டவணை போட்டவர் இந்தச் சண்டையில் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஜனவரி 11

"நம் சட்டத்தில் காரணம் எழுது என்று எங்கேயும் சொல்லவில்லையா?" நல்ல கேள்வி. சொல்லியிருக்கிறது, அங்கங்கே.

மரண தண்டனை என்றால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும், 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 354(3). நன்னடத்தையின் பேரில் விடத் தகுதியுள்ள ஆளை விடாமல் சிறைக்கு அனுப்பினால் அதற்கும் சிறப்புக் காரணம், 361. இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், சிறைக்கு அனுப்பக்கூடாது, அனுப்பினால் காரணம் எழுத வேண்டும் என்று 1958-ம் வருடத்து நன்னடத்தைச் சட்டம் சொல்கிறது. இப்போது 1973 சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் எண்கள் மாறிவிட்டன, சரக்கு அதேதான்.

பிறகு அதே 1973 சட்டத்தின் 235(2). குற்றவாளி என்று முடிவான பிறகு தண்டனை பற்றி அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய 1898 சட்டத்தில் இது கிடையாது. 1976-ல் சாந்தா சிங் வழக்கில், இந்த வாய்ப்பைக் கொடுக்காமல் விதித்த தண்டனை நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நடைமுறை வேறு. காலையில் "குற்றவாளி எனத் தீர்மானிக்கிறேன்". கூண்டில் நிற்கிறவருக்கு அதுவே காதில் சரியாக விழுந்திருக்காது. உடனே, "தண்டனை பற்றி என்ன சொல்றீங்க?" ஒருவர் என் கண் முன்னால், "என்ன சொல்றதுன்னு தெரியலைங்க ஐயா" என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் எழுதியது, வயதான தாயார், ஒருவரே சம்பாதிப்பவர், குறைந்தபட்சத் தண்டனை. அவருக்குத் தாயார் இருந்தாரா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

இதற்கு எதிர்மாறான ஒரு நீதிபதியிடமும் வேலை பார்த்தேன். சின்ன வயசு ஆள் என்றால் அன்றே தண்டனை சொல்ல மாட்டார். நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேட்பார், வயதுச் சான்று கேட்பார், வழக்கைத் தள்ளி வைப்பார். வழக்கு தேங்குகிறது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அவருடைய தண்டனைப் பத்தி இரண்டு பக்கம் போகும். அலுத்துக்கொண்டே தட்டச்சு செய்திருக்கிறேன். மேல்முறையீட்டுக்குப் போன அவருடைய தண்டனைகள் கலைந்து வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜனவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் கீழ்க்கோர்ட் மட்டும்தான் அவசரப்படுவது போலத் தெரிகிறது. மரண தண்டனை வழக்குகளிலேயே குற்றவாளி என்று அறிவித்த அன்றே தண்டனையும் விதிப்பது சரியா என்ற கேள்வியை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அதே வருடம் மே மாதம், மரண தண்டனை கேட்கும் அரசுத் தரப்பு குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும், சிறையில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்ற அறிக்கையும் வர வேண்டும் என்றெல்லாம் மனோஜ் வழக்கில் சொன்னார்கள். பச்சன் சிங் வழக்கு 1980. குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்று அன்றைக்கே சொன்னது. எப்படிப் பார்ப்பது என்று எழுத இத்தனை வருடம்.

ஜனவரி 13

குறைந்தபட்சத் தண்டனை. இதில் எனக்கே மனசு இரண்டாக இருக்கிறது.

பாலியல் வன்கொடுமைக்கு 1983-ல் ஏழு வருடம் குறைந்தபட்சம் என்று வைத்தார்கள். கூடவே ஒரு வாசல்: போதுமான, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதிவிட்டு அதற்கும் கீழே போகலாம். நான் கேட்பது இதுதானே? விலகு, ஆனால் எழுது. அந்த வாசல் வழியாக என்னென்ன உள்ளே வந்தது என்று பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது. 1989-ல் இரண்டு போலீஸ்காரர்கள் செய்த வன்கொடுமையில், உச்ச நீதிமன்றமே பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைச் சொல்லி 10 வருடத்தை 5 ஆகக் குறைத்தது. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கொதித்தன. அப்புறமும் வாலிப வயது, ஏழை, சமரசம் ஆகிவிட்டது, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. 2013-ல் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். 2018-ல் குறைந்தபட்சத்தைப் பத்து வருடம் ஆக்கினார்கள். அடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காரணம் எழுத வைத்ததால்தானே அந்தக் காரணங்களின் லட்சணம் வெளியே தெரிந்தது? எழுதாமல் ஐந்து வருடம் என்று மட்டும் போட்டிருந்தால் யாரும் சண்டைக்குப் போயிருக்க முடியாது.

ஜனவரி 14

வாசலை அடைத்தால் நீதிபதியின் விருப்புரிமை செத்துவிடுமா? நான் பார்த்த வரைக்கும் அது பக்கத்து அறைக்குக் குடிபோகும்.

பழைய 397-வது பிரிவு. கொள்ளையடிக்கும்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் ஏழு வருடத்துக்குக் குறையாது. 392, வெறும் கொள்ளை, பத்து வருடம் வரை, குறைந்தபட்சம் கிடையாது. பையன் பேனாக் கத்தியைக் காட்டிச் செல்போனைப் பிடுங்குகிறான். போலீஸ் 397 போடுகிறது. ஆயுதத்தைக் காட்டினாலே பயன்படுத்தியதாகும் என்று 1975-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஏழு வருடம் அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினால்? கைப்பற்றிய கத்தி சரியாக அடையாளம் காட்டப்படவில்லை, மகஜர் சாட்சி பிறழ்ந்துவிட்டார், 397 நிரூபிக்கப்படவில்லை, 392 மட்டும் நிரூபணம், இரண்டு வருடம். தீர்ப்பு வெளியே பார்க்கச் சாட்சிய அலசல் போலவே இருக்கும். சாட்சி நிஜமாகவே கைவிட்ட வழக்குகளும் உண்டு. எது எது என்று தட்டச்சு செய்கிறவனுக்கு ஓரளவு தெரியும், சொல்ல முடியாது.

கஞ்சா வழக்கு இதைவிட நேரடி. ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, பத்து வருடத்துக்குக் குறையாது, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நடுவில் இருந்தால் பத்து வருடம் வரை, குறைந்தபட்சம் இல்லை. 19 கிலோவுக்கு மூன்று வருடமும் கொடுக்கலாம், 21 கிலோவுக்குப் பத்துதான். சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதி. நுனி சேராத தனி இலையும் விதையும் கணக்கில் இல்லை. அப்படியானால் தராசில் என்ன வைத்தீர்கள், சாக்கோடு நிறுத்தினீர்களா? குறுக்கு விசாரணை முழுக்க இதுதான். பத்து வருடமா மூன்று வருடமா என்பது தராசு பிடித்தவர் கையில். அவரிடம் யாரும் காரணம் எழுதச் சொல்வதில்லை.

ஜனவரி 14, இரவு

இதைப் படித்த ஒருவர், "போக்சோவில் விடுதலை அதிகமாவதும் இதனால்தானா?" என்றார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் அது. எண்ணிக்கைக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே அடித்துச் சொன்னது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு அது.

பிறகு 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு போக்சோ வழக்கு போகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். இருவருக்கும் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். கீழே பத்து வருடம், உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தாய்மாமன் கல்யாண வழக்கத்தையும் குறிப்பிட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற குறிப்போடு. 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருக்க, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் தனி அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தித் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டது. அந்தப் பெண்ணுக்குச் சட்டமும் விசாரணையும் குடும்பமும் செய்த தீங்கே பெரிது என்பது காரணம்.

இரண்டு முடிவோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் 142 டெல்லியில் மட்டும்தான் இருக்கிறது. அதே மாதிரிக் குடும்பம் செஷன்ஸ் கோர்ட்டில் கைக்குழந்தையோடு நிற்கும்போது நீதிபதிக்கு இரண்டே வழி, குறைந்தபட்சம் அல்லது விடுதலை. நேர்மையான தீர்ப்பு எழுத இடமே இல்லை.

ஜனவரி 15

"பேசாமல் கணினியிடம் கொடுத்துவிடலாம்." கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் மென்பொருளை நீதிபதி பார்த்தது சரியா என்று 2016-ல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. பார்க்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது என்று தீர்ப்பு. மதிப்பெண் எப்படி வந்தது என்பது கம்பெனியின் வியாபார ரகசியமாம். "வழக்கின் தன்மையையும் சூழ்நிலையையும் கருத்தில் கொண்டு" பரவாயில்லை போலிருக்கிறது.

ஜனவரி 18

விபத்தில் தம்பியை இழந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் எல்லாம் குத்தினவன் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். என் தம்பி மேல் வண்டியை ஏற்றினவன் அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டான்." அதை இரண்டு நாள் மனசில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்வது பழைய 304-ஏ. அலட்சியத்தால் மரணம், இரண்டு வருடம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடிமட்டம் கிடையாது. 2000-ல் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர்களுக்கு நன்னடத்தைச் சலுகை தரக்கூடாது என்று கண்டித்தது. 2015-ல் பஞ்சாப் வழக்கு ஒன்று. காரில் மோதி இரண்டு பேர் சாவு. கீழ்க்கோர்ட் ஒரு வருடம் விதித்தது. நஷ்டஈடு கொடுத்துவிட்டார் என்று உயர் நீதிமன்றம், ஏற்கெனவே சிறையில் இருந்த 24 நாள் போதும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக்கியது. இரண்டு உயிருக்கு ஆறு மாதம்தான் கடைசிக் கணக்கு.

விருப்புரிமை என்று நான் பரிந்து பேசுவது ஏழைப் பையனை நினைத்து. அதே கதவு வழியாக நஷ்டஈடு கட்ட வசதி உள்ளவர் எளிதாக வெளியே போகிறார். காரணம் எழுதினால் போதும் என்ற என் பேச்சு இங்கே போதவில்லை. நஷ்டஈடு கொடுத்தார் என்பதும் எழுதப்பட்ட காரணம்தானே. எழுதினதை எதிர்த்து மேலே போக வழி இருந்தால்தான் எழுதியதற்குப் பயன்.

வழியும் பாதிதான் இருக்கிறது. தண்டனை குறைவு என்று அரசு மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்பட்டவர், விடுதலையை எதிர்த்துப் போகலாம், சின்னப் பிரிவில் தண்டித்ததை எதிர்த்துப் போகலாம், நஷ்டஈடு போதவில்லை என்று போகலாம். தண்டனை குறைவு என்று மட்டும் போக முடியாது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. அரசு வக்கீல் கோப்பை எடுத்தால் உண்டு. இந்த ஒன்றை மாற்றினால் அட்டவணை இல்லாமலே பாதிப் பிரச்சினை தீரும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜனவரி 20

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். தண்டனை நீளம் என்றால் எல்லோரும் வருடத்தைப் பார்க்கிறார்கள். "ஏக காலத்தில்" என்ற இரண்டு சொல்லை யாரும் பார்ப்பதில்லை.

2024 ஜூலைக்கு முந்தைய சட்டப்படி, ஒருவருக்கு மூன்று பிரிவுகளில் ஐந்து, மூன்று, இரண்டு என்று தண்டனை விதித்தால், ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். ஐந்து பத்தாகும். பல ஆயுள் தண்டனைகள் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வைக்க முடியாது, மனிதனுக்கு ஆயுள் ஒன்றுதான் என்று 2016-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அரசமைப்பு அமர்வு சொன்னது. வருடக் கணக்குத் தண்டனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒரு நாள் மாலை, நீதிபதி வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று தண்டனை, அபராதம், கட்டத் தவறினால் மேலும் இத்தனை மாதம், விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் பென்சிலை எடுக்காமல், "ஐயா, ஏக காலமா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். கூண்டுப் பக்கம் பார்த்தார். "ஆமாம், போட்டுக்கங்க."

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. தீர்ப்பில் அதற்கு ஒரு வரி காரணம் கிடையாது, அன்றைய சட்டமும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே தனி வழிகாட்டு நெறி வைத்திருக்கிறார்கள், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மொத்தத் தண்டனை நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.

ஜனவரி 21

"கடைசியில் உங்களுக்கு என்னதான் வேண்டும்?" கட்டம் வேண்டாம். குற்றவாரியாக ஒரு தொடக்கப் புள்ளி இருக்கட்டும். கூட்டினால் எதற்கு, குறைத்தால் எதற்கு, ஏக காலமா இல்லையா, ஏன் என்று கட்டாயம் எழுதட்டும். பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு. குறைந்தபட்சத் தண்டனை உள்ள பிரிவுகளில் அடைத்த வாசலைத் திறக்கலாம், ஆனால் எதையெல்லாம் காரணமாகச் சொல்லக்கூடாது என்று சட்டமே பட்டியல் போட்டுவிட்டு. பெண்ணின் நடத்தை அதில் முதல் வரி.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. தண்டனை வழிகாட்டு நெறிகளுக்கு ஒரு சட்டக் குழு வேண்டும் என்று, குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்த அரசு அமைத்த மலிமத் குழு 2003-ல் எழுதியது. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் வருத்தப்பட்டது. 2024-ல் பீகார் வழக்கு ஒன்றில், தண்டனைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவருவது பற்றி யோசிக்கும்படி ஒன்றிய அரசைக் கேட்டது.

ஜனவரி 22

புதுச் சட்டத்தில் சமூக சேவை வந்திருக்கிறதே, அது திருத்தும் நோக்கம்தானே என்று கேட்டவருக்கு: ஆமாம், 2024 ஜூலை 1-லிருந்து அதுவும் ஒரு தண்டனை. ஆறு சிறு குற்றங்களுக்குத்தான். முதல் முறையாக ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே திருடி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தால் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. கூலி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. எத்தனை மணி நேரம், எத்தனை நாள், என்ன வேலை, செய்தாரா என்று யார் பார்ப்பது, எதுவும் அதில் இல்லை. ஒரு மாஜிஸ்திரேட் மூன்று நாள் ஆஸ்பத்திரி வளாகத்தைப் பெருக்கச் சொல்லலாம், இன்னொருவர் முப்பது நாள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லலாம், இரண்டும் சட்டப்படி சரி. எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது இருக்கும் தம்பியிடம் இந்த உத்தரவுக்கு மாதிரி வாசகம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்லைங்க சார், ஐயா சொல்றதை அப்படியே போட்டுக்கறோம்" என்றார்.